எடைத்தாள்

பன்னிரண்டு இருக்கை, ஒற்றை விசிறி,
இறக்கை வேரில் ஆறாத ஒரு எண்ணெய்க் கசிவு.
இதுதான் எங்கள் விமான சேவை,
முழுவதுமாக.

இரணைமடுவில் இந்த ஓடுபாதையை யார் போட்டதென்று
பயணிகள் கேட்பதில்லை,
நாங்களும் சொல்வதில்லை.
தார் நல்ல தார்.
மழைக்காலத்தில் மாடுகள் சூடு தேடி வந்து படுக்கும்.
கஜமுகன் மோட்டார் சைக்கிளில் போய் எழுப்பிவிட்டு
திரும்பி வந்து தராசடியில் நிற்பான்.

நெல்லு நிறுத்த தராசு அது.
சங்கக் கடை கழித்ததைக் கம்பனி மலிவாய் வாங்கியது.
பெரிய விமானங்களில் மனிதருக்கு ஒரு சராசரி உண்டு.
எங்களிடம் அது எடுபடாது,
ஏறி நில்லுங்கோ.

அவன் வாசிக்க வாசிக்க நான் பென்சிலால் எழுதுவேன்.
அறுபத்தெட்டு.
ஐம்பத்தொன்று.
கச்சேரி உத்தியோகத்தர் எண்பத்தொன்பது.
"சப்பாத்தைக் கழட்டட்டே பிள்ளை?"
கழட்டினாலும் அது உங்களோடதானே ஐயா வரப்போகுது.
முல்லைத்தீவு ஸ்ரெல்லாவின் இறால் பெட்டி பதினேழு.
போய்ச் சேருமுன் ஐஸ் உருகி
நாலு கிலோ குறையும் என்று வாதாடுகிறாள்.
உருகின தண்ணி எங்கயக்கா போகும்?

கடைசியாகத் தியோகுப்பிள்ளை.
தராசைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.
"காலோடயோ, காலில்லாமலோ?"

காலோட, என்றேன்.
எழுபத்திரண்டு.
பையில் இன்னொரு கால் இருந்தது,
முழங்கால் பூட்டு இறுகிப்போனது,
கொழும்பில் திருத்தக் கொண்டுபோகிறார்.
மூன்று கிலோ இருநூறு.
போட்ட காலைப் பயணி நிரலிலும்
பையிலிருந்த காலைப் பொதி நிரலிலும் எழுதினேன்.
அவர் எட்டிப் பார்த்து
"சரி, ரெண்டும் வந்திட்டுது" என்றார்.

கூட்டினால் பதினாலு கிலோ அதிகம்.
எரிபொருளில் கை வைக்க முடியாது,
இரத்மலானையில் மழை, சுற்ற வேண்டி வரும்.
தண்ணீர்ப் போத்தல் பெட்டியை இறக்கினேன்.
போதவில்லை.
என் பையை இறக்கினேன்,
பாணும் சம்பலும் அதற்குள்ளே.
கப்ரன் வெத்தசிங்க தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தபடி
"சம்பளம் வந்து ரெண்டு மாசம்,
இப்ப சாப்பாடும் இல்லையா?" என்றார்
தன் உடைந்த தமிழில்.

வாடைக்காற்றுக்கு மூக்கைக் கொடுத்து எழும்பினோம்.
கீழே குளம், வான்கதவால் வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர்.
பிறகு வயல்,
பிறகு காடு,
காட்டுக்குள் சதுரம் சதுரமாய்
மரம் இன்னும் உயராத இடங்கள்.
தியோகுப்பிள்ளை கண்ணாடியில் நெற்றியை முட்டவைத்து
எதையோ எண்ணிக்கொண்டு வந்தார்.
நான் கேட்கவில்லை.

கனகராயன்குளம் வரும்போது
விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன்.
எந்தக் கையேட்டிலும் இல்லாத விதி.
தெருவுக்குக் கிழக்கே
நீலத் தகரக் கூரை, பக்கத்தில் கிணறு:
அங்கே அம்மா.
விமானச் சத்தம் கேட்டால்
அவள் இன்னும் அடுப்பை அணைப்பாள்,
புகை மேலே தெரியக்கூடாதென்று.
அதற்குள் நான்தான் இருக்கிறேன் என்று தெரியும்.
நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.
தெரிந்தும்
கை முந்திவிடுகிறது, என்ன செய்ய.

முதல் தடவை ஏன் குறைக்கிறாய் என்று கப்ரன் கேட்டார்.
மயில், என்றேன்.
ஆயிரத்தைந்நூறு அடியில் மயிலா, என்று
அவர் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

இரத்மலானையில் இறங்கியபோது
ஸ்ரெல்லாவின் ஐஸ் நடைபாதை நீளத்துக்கும் ஓடியிருந்தது.
கச்சேரிக்காரர் சப்பாத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.
தியோகுப்பிள்ளை
ஒரு காலை மட்டும் தூக்கிவைத்தார்,
மற்றதைத் தண்ணீருக்குள் விட்டபடி
பையை எடுத்தார்.

எடைத்தாளில் ஒப்பமிட்டுப் போனைத் திறந்தேன்.
அம்மாவின் குரல் செய்தி, பதினொரு செக்கன்:
"உன்னால இண்டைக்கும் சோறு பிந்திப்போச்சு.
நீ சாப்பிட்டியோ?"