ஓடியது, கொடுத்தது

சிகு ரோஸ்லான் ஒரு கணக்குப் புத்தகத்தை நீட்டினார்.
முட்டிதான் போச்சு, கை இருக்கிறதல்லவா என்றார் மலாயில்.
பக்கத்தின் நடுவில் கோடு போட்டேன்.
இடப்பக்கம் ஓடியது.
வலப்பக்கம் கொடுத்தது, சேர்ந்ததா இல்லையா என்று
ஓரத்தில் சின்னக் கட்டம்.
கணக்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன்
கல்லூரி அணிக்கு இப்படித்தான் கணக்கப்பிள்ளை ஆனேன்.

கோலக்கெட்டிலில் எங்கள் பாடாங்
ஆலைக்குப் பின்னால், செம்பனையை நோக்கிச் சரிந்து கிடக்கிறது.
மேட்டில் புல் மொட்டை. பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடலாம்.
பள்ளத்தில் நேற்றைய மழை இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.
அங்கே உருட்டிவிட்ட பந்து
பாதி வழியில் நின்று யோசிக்கும்.

யுகேந்திரன் ஓடுவான்.
ஓடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்றால் பொய்.
எப்போதாவது கால் இடறினால்
பந்து அடுத்தவனுக்குப் போயிருக்கிறது.

கடையில் தே ஓ குடித்துக்கொண்டே சண்டை.
"ஓடுறவன ஓட விடுங்கப்பா,
வழியில லோரிய நிறுத்துனா குலை அழுகிரும்"
என்பார் குலை லோரி சங்கிலிமுத்து.
எடைமேடையில் வேலை செய்யும் தவமலர் அக்கா
கரிப்பாப்பைக் கீழே வைக்காமலே சொல்வார்:
"எல்லாத்தையும் ஒரே லோரியில ஏத்துங்க,
அச்சு முறியட்டும்."
பாதிக்குப் பாதி என்பது சிகுவின் கட்சி.
அதைச் சொல்லும்போது கையை அவர்
தராசு மாதிரி ஆட்டுவார்.

எட்டு ஆட்டம் எழுதிய பிறகு
எனக்கு ஒன்று பிடிபட்டது.
யுகேன் மூன்று தடவை ஓடி மூன்று தடவையும் பறிகொடுத்த பிறகுதான்
இந்தப் பக்கம் வெங் ஹோங் தனியாக நிற்கிறான்.
எதிராளிகள் நான்காவது ஓட்டத்துக்கு
முன்கூட்டியே போய் நின்றுவிடுகிறார்கள்,
வராத விருந்தாளிக்கு இலை போட்டதுபோல.
ஓடாத அந்த ஓட்டத்தை எங்கே எழுதுவது?
பயந்து நகர்ந்தவர்களுக்கு ஒரு பத்தி போட
பக்கத்தில் இடமில்லை.
சிகுவிடம் சொல்லவில்லை. கையை இன்னும் ஆட்டுவார்.

எழுதாத இன்னொன்றும் உண்டு.
போன வருடம் முழுக்க வலது ஓரத்தில் நான் ஓடினேன்.
கையைத் தூக்கி, பேரைச் சொல்லி,
தொண்டை கட்டும்வரை.
ஒரு பந்து தந்ததில்லை அவன்.
முட்டி கிழிந்த அன்றைக்கும்
அவன் கொடுக்காத பந்துக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

அலோர்ஸ்டார்காரர்கள் வந்தார்கள், புது பூட்ஸ், ஒரே மாதிரி சாக்ஸ்.
எண்பத்து மூன்றாவது நிமிடம் ஒன்றுக்குப் பூஜ்யம், பின்னால் நாங்கள்.
மேட்டில் யுகேன்,
அவனைச் சுற்றி மூன்று பேர்.
இடப்பக்கம் கோடு கிழிக்கப் பேனாவை வைத்துவிட்டேன்.

தலையைத் தூக்கினான்.

சேறு தின்னாமல் இருக்கத் தண்ணீருக்கு மேலாகத் தூக்கி,
அளந்து,
வலது ஓரத்துக்குக் கொடுத்தான்.
அத்தனை சுத்தமான பாஸ் அந்தப் பாடாங்கில் விழுந்ததில்லை.
அங்கே யாரும் இல்லை.
ஹஸ்வான் எப்போதோ நடுவுக்குப் போய்விட்டிருந்தான்.

பந்து கோட்டைத் தாண்டியது,
தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே புகுந்து
என் பட்டை சுற்றிய காலில் மெதுவாக இடித்து நின்றது.
தவமலர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.
சங்கிலிமுத்து கெட்ட வார்த்தை சொன்னார்,
நேராக அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு.
யுகேன் இடுப்பில் கைவைத்து நின்றான்.
பிறகு என்னைப் பார்த்து,
"எப்பவும் அங்கதானடா நிப்ப" என்றான்,
நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப்போல.

பந்தை உதைக்க முடியாமல் கையால் எடுத்து
எதிராளியிடம் தூக்கிப் போட்டேன்.
வலப்பக்கம் ஒரு கோடு.
ஓரக் கட்டத்தில்: சேர்ந்தது.

தோற்றோம். ராத்திரி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே
சிகு கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டினார்.
ஒன்று கூடுதலாக வருகிறதே என்றார்.