நாற்பது நாளுக்கு ஒரு பெட்டி

கிளாக்ஸ்விக் துறைமுகம். பிப்ரவரி.
கழுவிய மீன்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து
என் மேசைமேல் வைக்கிறாய், ஹோக்னி.
எத்தனை கழுவினாலும் வாசம் வாசம்தான்.
பதினொரு பேர், நாற்பது நாள், பேரன்ட்ஸ் கடல்.
"ஏதாவது போடு" என்கிறாய்.
'ஏதாவது' என்றொரு புத்தகம்
இந்த நூலகத்தில் இல்லையப்பா.

முதலில் அடியில் கனமானவை.
நிலக்கரியின் வரலாறு, எழுநூறு பக்கம்.
சிரிக்காதே.
எவனும் தொடமாட்டான் என்று நினைத்து
போன தடவை அனுப்பினேனே
விலாங்கு மீன்களின் வலசை பற்றி ஒன்று,
அது முதுகு ஒடிந்துதான் திரும்பி வந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
"இவ்வளவு தூரமா, பாவம்."
பக்கத்தில் ஒரு கறுத்த பெருவிரல்.
எஞ்சின் அறைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

யாக்குப் கதையே படிக்கமாட்டான், தெரியும்.
பொய்க்கு நேரமில்லை என்பான்,
வலை இழுக்காத நேரமெல்லாம்
கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்துகொண்டு.
அவனுக்கு இது:
தீவிபத்துகளைத் துப்புத் துலக்கிய ஒருவரின் குறிப்புகள்.
எல்லாம் நடந்தவை. தேதி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது.
அதை ஒட்டியே, அதே நீல அட்டை, அதே பருமன்,
ஒரு நாவலையும் வைக்கிறேன்.
ஊரில் ஒரு வீடு எரிகிறது;
எரித்தவளே கதை சொல்கிறாள்.
மங்கல் விளக்கில் கை மாறி எடுக்கட்டும்.
மெய் மெய் என்று அலைகிறவனுக்கும்
மெய் சிலிர்ப்பது என்னவோ
பொய் படிக்கும்போதுதான்.

புதுப் பையன் பெயர் என்ன சொன்னாய், ரோயியா?
முதல் பயணம். மூன்று நாள் வாளியோடுதான் குடித்தனம்.
தயவுசெய்து அவனுக்குக் கடல் கதை தராதே;
வாழ்த்துச் சொல்லப் போன மாமன்மாரெல்லாம்
அதைத்தான் கொடுத்திருப்பார்கள்.
இதைக் கொடு:
பாலைவனத்தில் கிணறு தோண்டும் குடும்பங்கள்.
நான்கு பக்கம் படித்தால் நாக்கு வறளும்.
அசையாத தரையைப் பற்றி
யாராவது நிதானமாகப் பேசினாலே
வயிறு கொஞ்சம் அடங்கும்.

கேப்டன் சாமலுக்குத் துப்பறியும் கதை, வழக்கம்போல.
கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு
எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷர்.
அதற்காகவே தேடி எடுத்திருக்கிறேன்,
கொலைகாரன் பெயர் முதல் வரியிலேயே வருகிற ஒன்றை.
இனி எங்கே தாண்டுவார், பார்ப்போம்.

கவிதை? ஒன்று. ஒன்றே போதும்.
ஒல்லியானது, ஓரத்தில் செருகினால்
மற்றதெல்லாம் ஆடாமல் நிற்கும்.
ஆப்பு போல. வேறு காரணமும் உண்டு,
அதைச் சொன்னால் நீ வெளியே எடுத்துவிடுவாய்.

இன்னும் என்ன... நாய் வளர்ப்பு,
ஒரு பழைய ராஜ்யத்து வரி வசூல்காரியின் காதல்,
நட்சத்திர வரைபடம்,
தொண்ணூறு வயதில் நீச்சல் கற்றவரின் சுயசரிதை.
உங்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது என்பது
எனக்குத் தெரியும்.

கணக்கில் ஒன்று மட்டும் போன மார்ச்சிலிருந்து பாக்கி.
வேறு அலமாரியிலிருந்து தவறிப்போய்ப் பெட்டியில் விழுந்தது:
பிறந்த குழந்தை, முதல் ஆண்டு.
பதினொரு மீசைகளுக்கு நடுவே
அதற்கு என்ன வேலை என்று
நானே வெட்கப்பட்டேன்.
வரவேயில்லை.
அபராதச் சீட்டு எழுதப் போனவள்
பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இதோ அதன் அடுத்த பாகம். இரண்டாம் ஆண்டு.
நடக்கும், விழும், "மாட்டேன்" என்று சொல்லும்.
படங்களுண்டு.
யாருக்கென்று நான் கேட்கவில்லை,
நீயும் சொல்ல வேண்டாம்.
குளிரில்தான் காது சிவக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, தூக்கு.
முழங்காலை மடக்கித் தூக்கு, ஹோக்னி,
அடியில் நிலக்கரி.