உப்பு கொஞ்சம் தூக்கல்

பூம்பாறை தாண்டியதும்
பஸ்ஸின் வைப்பர் கழன்று விழுந்தது.
டிரைவர் இறங்கவில்லை.
ஜன்னல் வழியே கையை நீட்டி
கண்ணாடியை வழித்துக்கொண்டே
கூக்கல் வரை ஓட்டினார்.
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்,
இன்று எதையும் பார்க்கப்போவதில்லை என்று.

ஆனாலும் இறங்கினோம் நானும் தில்ஷாத்தும்,
கரூரில் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து
யார் யார் நாட்டு ஜன்னல் திரைகளுக்கோ
பில் போடுகிறவர்கள்.
ஏரி இருக்கும் என்றார்கள்.
ஏரியின் இடத்தில்
சலவை முடிந்த காடாத் துணி கிடந்தது,
நீளம் அகலம் கேட்க ஆளில்லாமல்.

ஐப்பசி மழைக்கு இங்கே வேறு நடை.
எங்கள் ஊரில் கடன்காரன் மாதிரி கதவை இடிக்கும்.
இங்கே வீட்டு ஆள்.
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து
தோளில், பிடரியில், காதுமடலுக்குப் பின்னால்
நிதானமாக இடம் பிடிக்கிறது.

நீலத் தார்ப்பாய், நான்கு முடிச்சு.
மூன்று நின்றது.
நாலாவது மூலையைத் தில்ஷாத்
தலையாலேயே தாங்கிக்கொண்டாள்.
கையளவு அடுப்பு.
எட்டுத் தீக்குச்சிகள் எங்களை மதிக்கவில்லை,
ஒன்பதாவது மனமிரங்கியது.
தண்ணீருக்குக் குழாய் தேடவில்லை.
தார்ப்பாய்க்குத் தொப்பை விழுந்திருந்தது,
கீழிருந்து ஒரு குத்து,
சட்டி நிறைந்தது.
பால் பவுடர், தூள்,
நசுக்கிய இஞ்சி,
நசுக்கிய கல்லின் மணமும் கொஞ்சம்.

பொட்டலம் இரண்டு.
ராசிபலன் பக்கத்தைப் பாதியாகக் கிழித்துக் கட்டியவள் நான்.
மேஷம் முதல் கன்னி வரை சர்க்கரை,
துலாம் முதல் மீனம் வரை
அட்டைக்கு உப்பு.
மழை எல்லாருடைய பலனையும் அழித்திருந்தது.

அட்டை ஏறியது என் கணுக்காலில்.
அள்ளி அப்பினேன். அசையவில்லை.
இன்னும் அப்பினேன்.
விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போல்
சாய்ந்துகொண்டு குடித்தது.
உப்புக்கும் மசியாத அட்டை உண்டா என்று
நான் அதிசயித்துக்கொண்டிருக்க,
முதல் வாய் டீயோடு தில்ஷாத்
விழுங்காமல், துப்பாமல்,
கண்ணை விரித்து
ஒரு முழு நிமிஷம் என்னையே பார்த்தாள்.

பிறகு சிரித்த சிரிப்பில்
நாலாவது மூலை கைவிடப்பட்டது.

அந்நேரம் பார்த்து வந்தார் ஒருவர்,
யூரியா சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்து,
பூண்டுக் காட்டிலிருந்து, மண்வெட்டியோடு.
குழந்தைவேலு என்றார்.
எங்களைவிட நாலைந்து வயது சின்னவர்.
கேட்காமலே பக்கத்தில் குந்தினார்.
கொடுக்காமலிருக்க முடியவில்லை,
உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.
டம்ளரை இரு கையாலும் பொத்தி
ஆவியை முகத்தில் வாங்கி
மெல்ல மெல்லக் குடித்தார்.
மழை அதில் விழுந்துகொண்டே இருந்தது,
குடிக்கக் குடிக்கக் குறையாத டீ.
கடைசியில்,
“நல்லாருக்கு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்” என்றார்,
ரசத்தைப் பற்றிச் சொல்வது போல.

என் காலைப் பார்த்தார்.
மடியிலிருந்த புகையிலையை நனைத்து
ஒரு சொட்டுப் பிழிந்தார்.
தின்ற சர்க்கரையோடு
உருண்டு விழுந்தது மாப்பிள்ளை.

ஏரி பார்க்க வந்தோம் என்றேன்.
“அதான் இருக்கே.”
வெள்ளைக்குள் கை நீட்டினார்.
“அந்தக் கரையில ஒத்தை மரம்.
அதுக்கு மேல பச்சைக் கதவு, நம்ம வீடு.
சின்னவ படியில நிக்கிறா பாருங்க, நனைஞ்சுக்கிட்டு.
சொன்னாக் கேக்க மாட்டா.”
பார்த்தோம்.
தில்ஷாத் கைகூட அசைத்தாள்.

அவர் போனபின் இன்னொரு சட்டி வைத்தோம்.
சர்க்கரை மொத்தமும் என் கணுக்காலில் கரைந்திருந்தது.
உப்பு நிறைய இருந்தது.
மூன்றரை பஸ்ஸுக்கு நேரமும் இருந்தது.
“ஒரு சிட்டிகை போதும்” என்றாள் தில்ஷாத்.