சீனியம்மாள் மனைக்குக் கிழக்கு

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை போட்டுப் பதினோரு வருஷம்.
என் கண்ணாடிமேல் முகம் கவிழ்ந்து படுக்காமல்
திருமங்கலம் வட்டாரத்தில் கைமாறிய நிலம் குறைவு.
மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று,
ஆதார் அட்டையில் முழித்துக்கொண்டிருக்கும் பங்காளிகள்
எல்லாரையும் அந்த வெளிச்சக் கோடு
ஒருமுறை தடவிப் போகும்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

அதில் ஒரு ரூபாய் தாளுக்கும் மைக்கும் கரண்டுக்கும்.
மிச்ச ஒரு ரூபாயை வைத்து
இதுவரை யாரும் நிலம் வாங்கியதில்லை என்றார்
தரகர் இன்னாசி.
டீ சொன்னேன் அவருக்கு.

சீட்டு எடுத்தது ஒண்ணு எண்பது.
அஞ்சு பவுன் சங்கிலியை வைத்தது ஒண்ணு இருபது.
எக்ஸெல் வண்டியின் பின்சீட்டில்
ஒரு கையில் பை, ஒரு கையில் சேலை முந்தி,
கரடிக்கல் போய் இறங்கினேன்.
கருவேலந்தூர்களுக்கு நடுவே வெள்ளையடித்த கற்கள்.
கயிற்றில் சாயம் போன கொடிகள்.
நாற்பதடி ரோடு, போர்டில் மட்டும்.
மனை எண் முப்பத்தேழு, மூணு சென்ட்,
சென்ட் தொண்ணூறாயிரம்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன்.
இன்னாசி சிரித்தார்.
நெருஞ்சி குத்தியது.

என் பத்திரத்தை நானே நகல் எடுத்த அன்று
என் பர்ஸிலிருந்து எடுத்து
என் கல்லாவில் போட்டேன் இருபத்தெட்டு ரூபாய்.

அந்த மண்ணை அதற்கு முன் உழுத மொக்கச்சாமி
கடைக்கே வந்து கேட்டார்:
"வீடு கட்டுற வரைக்கும் ஆடு மேயட்டுமாத்தா?"
மேயட்டும் என்றேன்.
இரண்டு வருஷம் நாலு மாதம்
வட்டி கட்டியது நான்,
கொழுத்தது அவர் கிடா.
ரிங் ரோடு வருது என்பார் இன்னாசி.
ஆஸ்பத்திரி வருது, காலேஜ் வருது.
வந்தது ஒரு தண்ணி லாரி,
வழி தவறி.

பிறகு வந்தார் மலைராசன்,
சவுதியில் ஏசி மெக்கானிக்.
சென்ட் ஒண்ணு நாற்பது.
பத்திரத்தில் ஒரு விலை, மஞ்சப்பையில் ஒரு விலை;
இரண்டையும் கூட்டத் தெரிந்தவளுக்குக்
கழிக்கவும் தெரிய வேண்டும்.
மை படிந்து பாழான தாளின் பின்பக்கம்
அடகு, வட்டி, தரகு, சீட்டுப் பணம்
எல்லாம் போக
நின்றது எழுபத்தெட்டாயிரம்.
எழுபத்தெட்டாயிரம் பக்கம்.
மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.
சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

குளியலறைக் கதவு கீல் விட்டுத் தொங்குகிறது என்றார்
என் வீட்டுக்காரர்.
வாடகை வீட்டுக் கதவு;
ஓனர் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.
சங்கிலி மட்டும்தான் திரும்பி வந்தது வீட்டுக்கு.
பணம் வாசலைக்கூட மிதிக்கவில்லை.
மூன்றாம் நாள் ஆலம்பட்டியில்
அஞ்சு சென்டுக்கு அட்வான்ஸாகப்
போய் உட்கார்ந்துவிட்டது.
பதினோரு மாதக் கெடு.
அதற்குள் மிச்சத் தொகை,
இல்லையென்றால் என்னைவிட ஆசைக்காரர் ஒருவர்.
ராத்திரி அவருக்காகத்தான் முழித்திருக்கிறேன்.
முகம் தெரியாது.
சுகமாக இருக்க வேண்டும் அவர்.

போன திங்கட்கிழமை
முப்பத்தெட்டாம் மனைக்காரர் வந்தார்,
ஈரம் காயாத புதுப் பத்திரத்தோடு.
கண்ணாடியில் கவிழ்க்கும் முன்
பழக்கதோஷத்தில் நான்கெல்லையில் கண் போனது.
'சீனியம்மாளுக்குப் பாத்தியப்பட்ட மனைக்குக் கிழக்கு.'
நான் விற்று ஒரு வருஷமாகிறது.
எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து
அப்படியே இறக்கியிருக்கிறார்.
இனி இவர் விற்றாலும்
வாங்கியவர் விற்றாலும்
மேற்கே நான் நின்றுகொண்டிருப்பேன் போல,
வரி கட்டாமல்,
ஆடு விரட்டாமல்.

பெயர் தப்பு, மாத்தணும் என்று
வாய் வரைக்கும் வந்தது.
"எத்தனை காப்பி?" என்றேன்.
மூணு என்றார்.
நாலு எடுத்தேன்.