வினையெச்சம்

ஆங்கிலத்தில் அமைச்சர்
எடுத்த எடுப்பிலேயே இல்லை என்றுவிடுவார்,
ஏன் என்பதை
அப்புறம் நாற்பது நிமிடம் விளக்குவார்.
என் வாக்கியத்தில்
ஏனெல்லாம் முன்னால் வந்து நிற்கும்.
வீவக வீட்டுக் கூடத்தில் சோற்றுத் தட்டோடு
ஒருவர் வாயருகே கையை நிறுத்திக்கொண்டு
வினைமுற்றுக்குக் காத்திருப்பார்.
பேருந்துக் கட்டணம்
உயரும் என்கிறேனா
உயராது என்கிறேனா.

இருபத்தாறு வருடம்
அந்தக் கடைசி இரண்டு எழுத்தில்தான்
எனக்குச் சம்பளம்.

மேசைக்கு மேலே கோட்டும் டையும்,
கீழே முஸ்தபாவில் வாங்கிய ரப்பர் செருப்பு.
தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வெட்டும் யாகூப்
என்னை 'எட்டரை' என்றுதான் கூப்பிடுவார்.
எட்டரை, விலையெல்லாம் ஏறுதே,
அவங்ககிட்ட கேட்டீங்களா?
கேட்டேன் யாகூப்.
பதில் பதினொரு விநாடி வந்தது.
ஆறு விநாடி ஒளிபரப்பானது.
மீதி ஐந்தில் என்ன இருந்தது என்று
அவர் கேட்கவில்லை.
எலும்பைத் தட்டிப் போட்டார்.

ஒரு மசோதாவின் பெயரைத் தமிழாக்க
மூன்று பேர் ஒரு மதியம் முழுக்க
முகம் பார்க்காமல் சண்டை போட்டோம்.
ஆறு மாதம் கழித்து
நூற்று எழுபதாம் எண் பேருந்து ஓட்டுநர்
அந்தச் சொல்லை வைத்தே
என்னோடு சண்டை போட்டார்.
அன்றைக்குத் தின்ற பரோட்டா
இன்னும் நாக்கில் இருக்கிறது.

பிறகு அந்தத் தேர்தல் இரவு.
தொடக்கப்பள்ளி உணவகத்தில்
பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில்
முழங்கால் மார்பில் இடிக்க
நானும் கேமராக்காரர் ஹஃபீஸும்.
மணி ஒன்று ஐம்பது.
சுயேச்சை வேட்பாளர் தயாபரன்,
இயற்பியல் துணைப்பாட ஆசிரியர்,
பானக் கடையின் மூடிய கதவில் சாய்ந்திருந்தார்.
நேரலை.
'திரு தயாபரன் தமது வைப்புத்தொகையை' என்று
தொடங்கிவிட்டேன்.
காதுக்குள் ஷர்மிளா:
பொறு, எட்டில் ஒரு பங்கு தாண்டியிருக்கலாம்,
எண் உறுதியாகவில்லை, பேசிக்கொண்டே இரு.

வினைமுற்றைச் சொல்லக் கூடாது.
வாக்கியத்தை விடவும் கூடாது.
ஒன்பது நாள்
பதின்மூன்று மாடிப் புளோக்குகளில் ஏறி,
மின்தூக்கி நிற்காத தளங்களுக்கு நடந்து,
திறக்காத கதவுக்கும் கைகூப்பி,
திறந்த கதவில் நாய்க்கடி வாங்கி,
நனைந்த துண்டறிக்கையை உதறி நீட்டி,
ஒலிபெருக்கிக்கு வாடகை கட்டி,
எட்டுப் பேர் வந்த கூட்டத்தில்
எண்பதாயிரம் பேருக்குப் பேசி...

நாற்பது விநாடி.
எல்லாம் நேரில் பார்த்தது,
எதுவும் செய்தியில் போகாதது.
ஷர்மிளா எண்ணைச் சொன்னாள்.
'இழந்தார்' என்றேன்.
ஹஃபீஸ் கேமராவிலிருந்து கண்ணெடுத்து
மூடிய கடைப் பக்கம் பார்த்தார்.

அப்புறம் எத்தனையோ பேர் வென்றார்கள்.
மைக்கை நீட்டினேன்,
மகிழ்ச்சி என்றார்கள்.
ஒரு கேள்வியை மட்டும்
பன்னிரண்டு வருடம் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
அது என்ன கேள்வி என்று
இங்கேயும் சொல்லப்போவதில்லை.
பழக்கம்.

போன ஆண்டு
தோ பாயோ பலதுறை மருந்தகத்தில்
எங்கள் வரிசை எண்கள் அடுத்தடுத்து.
தயாபரனுக்குச் சர்க்கரை, எனக்குக் குரல்வளை.
அந்தப் பதிவு வச்சிருக்கேன், என்றார்.
கடைசி ஒரு சொல்லை மட்டும் வெட்டிட்டேன்.
வெட்டின இடத்தில் லேசாக் குதிக்கும்,
பரவாயில்லை.
எண் ஒளிர்ந்தது. அவர் உள்ளே போனார்.

இப்போது எட்டரைக்கு
நான் பாத்திரம் கழுவுகிறேன்.
புதிதாக வந்திருக்கும் இமையா
நேரே கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள்:
'உயராது, பேருந்துக் கட்டணம்.
இந்த ஆண்டு இல்லை.'
நல்ல தமிழ்தான். வேகம். குறை சொல்ல முடியாது.
வினைமுற்று முதலிலேயே வந்து போய்விட்டது.
குழாயை மூடிவிட்டு
ஈரத் தட்டைப் பிடித்தபடி
வாக்கியம் முடியட்டும் என்று
நிற்கிறேன்.