சர்வர் இல்லை

ஒன்பது வருஷமாக ஒரே வாக்கியம்,
கண்ணாடித் தடுப்பின் அரைவட்ட ஓட்டை வழியாக:
"சர்வர் இல்லைங்க, நாளைக்கு வாங்க."
தங்கச்சிமடம் இ-சேவை மையத்தில்
ஜெனோவா என்ற பெயரைவிட
அந்த வாக்கியத்தால்தான் என்னைத் தெரியும்.

சர்வர் என்றால் என்னவென்று
எனக்குத் தெரியாது.
வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியாது.
ஒருநாளும் வராத மேலதிகாரிக்குப் போல
எல்லோரும் அதற்கு மரியாதை கொடுத்தோம்.

இப்போது படிக்கிறேன்.
வருகிற சனிக்கிழமை மதுரையில் தேர்வு.
அறுபத்தைந்து கேள்வி, தொண்ணூறு நிமிஷம்,
கட்டணம் என் சம்பளத்தில் முக்கால்.
நாள்காட்டித் தாளின் முதுகில் எழுதி
பிரிண்டர் மேல் ஒட்டியிருக்கிறேன்:
சப்நெட். கேட்வே. லோட் பேலன்ஸர்.
சத்தமாகச் சொன்னால்
பல்லில் மணல் கடிபடுகிறது.

முதல் பக்கத்திலேயே மேகம் வந்தது. சிரித்துவிட்டேன்.
எங்கள் மாவட்டத்தில் மேகம் என்பது
தலைக்கு மேல் கடந்து
வேறு ஊரில் இறங்குவது.
புத்தகமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது:
உன்னுடையது அல்ல,
வாடகைக்குக் கிடைக்கும்,
எடுத்த அளவுக்குக் காசு.
(வலையை வைத்து உவமை எழுதமாட்டேன்.
வீட்டில் வலை இருக்கிறது. நாறும்.)

ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டே
தம்பி ரொட்சன் கேள்வி கேட்பான்.
"டிஎன்எஸ்?"
"பேரைச் சொன்னா நம்பரைத் தரும்."
"அப்ப நம்ம டீக்கடை ராயப்பன்."
சரிதான். ராயப்பன் கடை அடைத்திருந்தால்
தேடி வந்த வீடு அங்கேயேதான் இருக்கும்,
வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

சில ராத்திரி, கரையில் இருக்கும்போதே
இவன் போன் 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்கிறது.
ரோமிங்.
டவருக்குக் கடலில் போட்ட கோடு தெரியாது.
ரோந்துப் படகுக்குத் தெரியும்.

நேற்று ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்.
இணைப்பு மறுக்கப்பட்டது என்பது வேறு,
டைம் அவுட் என்பது வேறு.
முதலாவதில் எதிர்முனையில் யாரோ இருக்கிறார்,
கதவைத் திறந்து
முடியாது என்கிறார்.
மற்றதில்
நீ அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது.
காத்திருந்தாய்,
காத்திருக்கத் தந்த நேரம் தீர்ந்தது.
இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மடித்து
ஒன்பது வருஷம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சேசுராணி அக்காவுக்கு மட்டும் ஐந்து தடவை.
தடைக்கால நிவாரணம், பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
ஓலைக்குடாவிலிருந்து பஸ்.
அதில் ஒருநாள் சர்வர் இருந்தது.
எனக்குப் பசித்தது.

இன்று மறுபடி வந்தார்.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
"முடியாதுன்னு சொல்லலக்கா. பதில்தான் வரல.
திரும்ப அனுப்பிப் பாக்குறேன், உக்காருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்,
"அது எங்கடி இருக்கு?"
"மும்பைப் பக்கம் எங்கயோ.
ரெண்டு மூணு கட்டடத்துல வச்சிருப்பாங்க.
ஒன்னு விழுந்தாலும் இன்னொன்னு நிக்கும்."
"அங்க மூணு," என்றார்,
சேலை முந்தியால் கழுத்தைத் துடைத்து,
"இங்க நீ ஒருத்திதான?"

அதற்கும் ஒரு சொல் உண்டு,
ஏழாம் பாடத்தில்.
எது விழுந்தால் எல்லாம் விழுமோ
அந்த ஒற்றை இடம்.
படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.
மனப்பாடம் ஆகாமல் நழுவிக்கொண்டிருந்தது.

நாலாம் தடவை பக்கம் திறந்தது.
மணி இரண்டு பத்து.
எழுத்தைத் திருத்தி, ரசீது எடுத்து
அரைவட்டத்துக்குள் நீட்டினேன்.
பின்னால் ஏழு பேர் நின்றார்கள்.
டிபன் டப்பாவை
காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.