இடது

பெம்பினா சாலையில் வீடு காலி செய்தவர்
நாற்பது டொலருக்குத் தந்த ஆம்ப்ளிஃபயர்.
இனாமாக ஓர் ஒளியிழைக் கேபிள்:
முனையை உள்ளங்கையில் பிடித்தால்
குன்றிமணி அளவுக்குச் சிவப்பு.
ஒளி வருகிறது, ஒலி வரவில்லை.
ஓர் எழுத்துத் தூரம்தான்.
எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

வெளியே வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
அடித்தள ஜன்னலில் முக்கால்வாசி பனி.

கணினி எதையும் மறுக்கவில்லை.
டிஜிட்டல் வெளியீடு என்றேன், பச்சைக் குறி போட்டது.
பெட்டி மட்டும் விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
புரியவில்லை என்றது.
நொடிக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் துண்டாக
ஒலியை நறுக்கித் திணித்திருக்கிறேன்
அந்தக் கிழட்டு வாயில்.
நாற்பத்தெட்டாயிரம் போதும் என்றதும்
விழுங்கியது.

மேல்வீட்டார் தூங்கும் நேரம்,
ஆகவே ஹெட்ஃபோன்.
இடம் ஒரு மணி, வலம் ஒரு மணி.
"கேட்டுப் பார்" என்று சுகிர்தாவின் தலையில் மாட்டினேன்.
உள்ளி உரித்த விரலை நீட்டி வைத்தபடி கேட்டாள்.
"இடது வரேல்லை."

எனக்கு வந்ததே.
வயரை ஆட்டினேன். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன்.
சமநிலைக் கோட்டை இழுத்து இழுத்து நடுவில் விட்டேன்.
என் காதில் இரண்டும்.
அவள் காதில், "இல்லையப்பா, இன்னும் இல்லை."

ஏனென்று தெரியாது,
ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினேன்.
திரையில் இடது மின்னியது, தலையாட்டினாள்.
வலது மின்னியது.
அவள் காத்திருந்தாள்.
மின்னி முடிந்த பிறகும்
அந்த மணி இனித்தான் வரும் என்பதுபோல்
என்னைப் பார்த்துக் காத்திருந்தாள்.

கட்டிலில் நான் படுப்பது
அவளுடைய இடப்பக்கம்.
வலப்பக்கம் சரிந்து படுப்பவள்.
ஆறு மாதமா, ஒரு வருடமா,
இருட்டில் நான் கேட்டவற்றுக்குப் பதிலில்லை.
கோபம் என்று கணக்கெழுதி வைத்திருந்தேன்.
சிலதற்கு வட்டியும் போட்டிருந்தேன்.

நாளைக்கு டொக்டரைக் கூப்பிடலாம் என்றேன்.
"ம்" என்றாள்.
"பாட்டைப் போடன்."

அமைப்பின் ஆக அடியில் ஒரு சிறு கட்டம்:
இரு பக்கத்தையும் ஒன்றாக்கு.
இரண்டு இரவும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.
அழுத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, ஹெட்ஃபோன் போட்டவர்கள் பேசுகிற சத்தத்தில்,
"இதில வயலினும் இருக்கே!" என்றாள்.

மேல்வீட்டில் யாரோ
புரண்டு படுத்தார்கள்.